அன்ரன் சித்தப்பாவின் டாக்சியை ஏன் பறித்தார்கள்

அன்பு மகனே,

சென்ற ஞாயிறு தொலைபேசியில் நீ ஒரு பகிடி விட்டாய். "அப்பா, நான் ஒரு மாசமும் பிந்தினதில்லை. நோவாவின்ர காசு வங்கியில இருந்து தன்ர பாட்டில போகுது. அன்ரன் சித்தப்பா மாதிரி லைசென்ஸைப் பறிகுடுத்திட்டு நிக்கமாட்டன்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான், அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. நீயும் உன் மனைவியும் பிரிந்து ஒரு வருடமாகிறது. அவளும் உங்கள் மகன் நோவாவும் இங்கே சில்க்போர்க்கில் இருக்கிறார்கள், நீ தலைநகர்ப் பக்கம் டோஸ்ட்ருப்பில் மருந்துக்கடை வேலையோடு இருக்கிறாய். இந்த நேரத்தில் மீதிப் பாதியையும் நீ தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. போனில் சொன்னால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய், பின்னால் தட்டச்சுச் சத்தம் கேட்கும். அதனால் எழுதுகிறேன். வேறு யாருடைய பிள்ளைகளாவது இதை வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

ஊரில் போர் முடிந்த அந்த வருடம் நீ ஜிம்னேசியத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டில் தொலைக்காட்சி பகலும் இரவும் ஓடியது உனக்கு நினைவிருக்கும். அம்மா சமைத்துக்கொண்டே அழுவாள், அழுதுகொண்டே உப்பை இரண்டு தரம் போடுவாள். வன்னியில் இருந்த என் அண்ணன், உன் பெரியப்பா, ஷெல்லில் செத்துப்போனார் என்ற செய்தி வந்தது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள், முள்ளுக்கம்பிக்குள் முகாமில் இருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் இருந்து வந்தது. அந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று எழுத எனக்கு வரவில்லை. அந்த நாட்களில்தான் உன் சித்தப்பா அன்ரன், வேலை முடிந்த உடுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, டாக்சி லைசென்ஸைப் பறிக்கப்போகிறார்கள் என்று சொன்னான்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, கவலையும் வரவில்லை. ஆவல்தான் வந்தது. எல்லாவற்றுக்குள்ளும் மூக்கை நுழைக்கிற ஆள் என்று உன் அம்மா என்னைச் சொல்வாள், அது சரிதான். ஒருவன் குடிவெறியில் கார் ஓடினால் லைசென்ஸைப் பறிப்பார்கள், ஆளை இடித்தால் பறிப்பார்கள். அன்ரன் சாராயம் தொடமாட்டான், காரில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பிடமாட்டான். ஏன் என்று கேட்டேன். "மெலனியின்ர காசுக்காக" என்றான். எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய காசுக்கும் டாக்சிக்கும் என்ன தொடுப்பு என்று அவனை நாற்காலியில் இருத்தி வைத்துக் கேட்டேன்.

தொடுப்பு இதுதான். அன்ரனும் உன் ஜெயந்திச் சித்தியும் பிரிந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. சித்தி மகள் மெலனியோடு அடுத்த நகரமான விபோர்க்கில் இருந்தாள். அன்ரன் மாதாமாதம் பராமரிப்புப் பணம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு. அவன் கொடுக்கவில்லை. இந்த டேனிஷ் நாட்டில் தகப்பன் கொடுக்காவிட்டால் பிள்ளை காத்திருக்கத் தேவையில்லை. கொம்மூன் என்கிற நகரசபை முன்கூட்டியே தாய்க்குக் கொடுத்துவிடும், பிறகு தகப்பனிடம் அறவிடப் பார்க்கும். அப்போது அது மனைவிக்கு வைத்த கடன் இல்லை, அரசாங்கத்துக்கு வைத்த கடன். சொந்தமாக டாக்சி வைத்து ஓட்டுகிறவன் அரசாங்கத்துக்குப் பெருங்கடன் வைத்திருக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம். இந்த இரண்டையும் யாரோ ஒருவர் முடிச்சுப் போட்டிருக்கிறார். அந்த ஆளைப் பார்த்து, உனக்கு எப்படி ஐயா இந்த யோசனை வந்தது என்று கேட்கவேண்டும்போல் இருந்தது எனக்கு.

அன்ரன் கஞ்சன் இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்கு முதல் சைக்கிள் வாங்கித் தந்தவன் அவன்தான். அந்தப் பணத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை நீ கேட்டிருக்கவேண்டும்.

"கொம்மூன் குடுக்குதுதானே அண்ணை. மெலனி ஒருநாளும் பட்டினி கிடக்கேல்லை. அங்க பெரியண்ணையின்ர பிள்ளையள் கிடக்குதுகள். அதுகளுக்கு ஆர் குடுக்கிறது? இந்த அரசாங்கம் குடுக்குமோ, அந்த அரசாங்கம் குடுக்குமோ? இருக்கிற காசை நான் ஆருக்கு முதல் அனுப்புறது, நீங்களே சொல்லுங்கோ."

அவன் அனுப்பியது எங்கள் இருவருடைய அண்ணனின் பிள்ளைகளுக்கு. போர் நெருங்க நெருங்க அவன் அனுப்பியதில் பாதியை நான் அனுப்பியிருக்கவேண்டும், என்னிடம் அவ்வளவு இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது, தெரிந்ததுபோல் உனக்கு எழுதவும் மாட்டேன். ஆனால் அவன் அடுத்ததாகச் சொன்னதற்குப் பதில் பின்னர் ஒரு அலுவலகத்தில் கிடைத்தது. "நான் மெலனிக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு ஆர் சொன்னது? சாமத்தியவீட்டை ஆர் செய்தது?" என்றான்.

மெலனி பெரியபிள்ளையான சாமத்தியவீடு உனக்கும் நினைவிருக்கும், நீ மாட்டேன் மாட்டேன் என்று வேட்டி கட்டி வந்தாய். போர் முடிவதற்கு முந்திய வருடம், விபோர்க்கில் பெரிய மண்டபம் எடுத்து, பல்லக்கு வைத்து, வீடியோ எடுத்து, நெக்லஸும் காப்பும் போட்டு, எல்லாச் செலவும் அன்ரன்தான் செய்தான். பிரிந்துபோன புருஷன் இப்படிச் செய்தானே என்று சனம் வியந்தது. அதையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்லி, கடன் அறவிடுகிற அலுவலகத்தில் கதைத்தால் விட்டுவிடுவார்கள் என்று அவன் நம்பினான். டேனிஷில் என் வாய் கொஞ்சம் நன்றாக ஓடும் என்பதால் என்னையும் கூப்பிட்டான். எனக்கும் அந்த அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை. தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அவன் ஒரு பையில் நகைக்கடைப் பற்றுச்சீட்டுகளையும் சாமத்தியவீட்டு ஆல்பத்தையும் கொண்டுவந்திருந்தான். ஆல்பம் ஒரு கதவு அளவு இருந்தது. அதை அந்த உத்தியோகத்தர் பெண்ணின் மேசையில் விரித்து வைத்தான். அவள் என் வயதுக்காரி, மூக்குக்கண்ணாடி போட்டவள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். தலை நிறையப் பூவும், பட்டுச் சேலையும், உடம்பு நிறைய நகையுமாக ஒரு சின்னப் பிள்ளை கதிரையில் இருக்கிறது, சுற்றிப் பெரியவர்கள் நின்று சிரிக்கிறார்கள். "இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். அவள் குரலில் கலக்கம் தெரிந்தது. ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று அன்ரன் என்னைத் தட்டுகிறான். இரண்டு ஆம்பிளைகள் ஒரு அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, பெண்பிள்ளை வயதுக்கு வருவதை ஒரு டேனிஷ்காரிக்கு விளக்கிய அந்தக் கூத்தை நான் இன்றைக்கு நினைத்தாலும் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வேன். கடைசியில் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியபின் அவளுக்கு எங்களைவிட ஆவல். இது யார், அது என்ன, ஏன் வாழைப்பழம் என்று ஒவ்வொரு பக்கமாகக் கேட்டாள். அன்ரன் பெருமையோடு சொல்லிக்கொண்டு போனான். காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

அவள் ஆல்பத்தை மெதுவாக மூடினாள். மிகவும் அழகாக இருக்கிறது என்றாள். பிறகு, "இது ஒரு நாள். சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளுக்கு யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அன்ரனுக்கு அந்த அளவு டேனிஷ் விளங்கும். பரிசு பரிசுதான், பராமரிப்பு வேறு, ஒன்றை மற்றதில் கழிக்க முடியாது என்று அவள் சொன்னாள். நான் என் சந்தேகத்தைக் கேட்டேன். டாக்சியைப் பறித்தால் இவன் எதை ஓட்டி உங்களுக்குக் காசு கட்டுவான், ஆட்டுக்குக் கயிறைக் கட்டிவிட்டு மேய் என்கிறீர்களா என்றேன். அவள் கோபிக்கவில்லை. "எங்களுக்குக் கார் வேண்டாம். இவர் இங்கே வந்து இந்தக் கதிரையில் இருக்கவேண்டும். எத்தனையோ தரம் எழுதினோம், வரவில்லை. காரைப் பற்றி எழுதியதும் வந்துவிட்டார்" என்றாள். தவணை முறையில் கட்டுவதற்கு ஒப்பந்தம் செய்தால் லைசென்ஸ் தப்பும், அதற்குக் கொஞ்சக் காலம் தருகிறேன் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. வெளியே வந்ததும் அன்ரன், "அவளுக்குப் பிள்ளை இல்லைப்போல" என்றான். அவன் மேசையில் ஆல்பத்தை விரித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய மூன்று பிள்ளைகளின் படம் சுவரில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

அவன் ஒப்பந்தம் செய்யவில்லை. ரோஷம். தன் பிள்ளைக்குத் தான் கொடுப்பதற்கு அரசாங்கம் தவணை போடுவதா என்றான். அதற்குப் பதிலாக, எங்கள் ஆட்கள் எப்போதும் செய்வதைச் செய்யச் சொன்னான். நான் போய் ஜெயந்தியோடு கதைத்து, நாங்கள் எங்களுக்குள் தீர்த்துக்கொண்டோம் என்று அவளை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கவைக்க வேண்டும். நான் விபோர்க்குக்குப் போனேன். நியாயம் கேட்கப் போனேன் என்று உனக்குச் சொன்னால் அது பொய். தம்பியின் டாக்சி நின்றால் முகாமில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போகிற காசும் நிற்கும், அதற்காகத்தான் போனேன்.

ஜெயந்தி தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் சுற்றி வளைத்துக் கதைப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவளே விஷயத்துக்கு வந்தாள்.

"அத்தான், நான் எழுதிக் குடுத்தாலும் அவை விடமாட்டினம். அது என்ர காசு இல்லை, பிள்ளையின்ர காசு. நான் வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது. கேட்டுப் பாத்தனான்."

"கேட்டனீரோ? நீரோ?"

"ஓம். அவர் அங்க அனுப்புறது எனக்குத் தெரியாதே? எனக்கும் அங்க ஆக்கள் இருக்கினம்." பிறகு, "காசை விடுங்கோ. காரைப் பறிச்சா அவர் ஞாயிற்றுக்கிழமை எதில வாறது? அதுதான் எனக்குப் பயம். ஒரு ஞாயிறும் அவர் வராமல் விட்டதில்லை. இவள் மெலனி காலமையே எழும்பித் தலை சீவி இழுத்திடுவாள்" என்றாள்.

எனக்கு இது புதினமாக இருந்தது. அவள் வழக்குப் போட்டு அவனை விரட்டுகிறாள் என்று சில்க்போர்க்கில் நாங்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தோம். அவளோ, அவன் கொடுக்கவில்லை என்ற செய்தியைக்கூடப் பிள்ளையின் காதுக்குப் போகாமல் வைத்திருந்தாள். அதாவது, வைத்திருப்பதாக நினைத்தாள். மெலனி அறைக்குள் இருந்து வந்து, குளிர்பெட்டியைத் திறந்து பாலை எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் டேனிஷில் சொன்னாள்: "பஸ்ஸில் வரட்டும். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் பஸ்ஸில் வருகிறார்கள்." பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது பிள்ளை.

நான் திரும்பி வந்து அன்ரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மெலனி சொன்னதையும் சொன்னேன். கொடுத்த காலம் முடிந்தது. லைசென்ஸைப் பறித்தார்கள். ஆகவே நீ சொல்லிச் சிரித்தது உண்மைதான். சொந்த டாக்சி ஓடமுடியாததால் காரை விற்றான். இன்னொருவருடைய டாக்சியைச் சம்பளத்துக்கு ஓட்டினான், அதற்குத் தடையில்லை. அதற்குப் பிறகுதான் தானே போய், என்னைக்கூடக் கூப்பிடாமல், அந்தக் கதிரையில் இருந்து தவணைக்குக் கையெழுத்து வைத்தான். முகாமுக்கு அனுப்பவேண்டியதில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் அப்பா சனி ஞாயிறிலும் வேலைக்குப் போகிறார், என்னுடைய ஒரு விளையாட்டு மட்சுக்கும் வரவில்லை என்று நீ அம்மாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதன் காரணம் இதுதான், பெரியவனாகிவிட்டாய், இப்போது தெரிந்துகொள்.

இனி உனக்குத் தெரியாத பாதி. கார் இல்லாத அந்தக் காலம் முழுவதும் அன்ரன் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் விபோர்க்குக்குப் போனான். மடியில் இறாலும் இடியப்ப மாவும் உள்ள பை. பனியில் பஸ் பிந்தும், இவன் தரிப்பிடத்தில் நின்று காலை உதறிக்கொண்டு நிற்பான், எங்கள் ஆட்கள் காரில் போகும்போது பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போவார்கள். பின்னர் கடன் இறங்கியது, லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது, புதுக் கார் வாங்கினான். நான் அத்தோடு கதை நல்லபடி முடிந்தது என்று நினைத்திருந்தேன். மெலனியின் கல்யாணத்தின்போது அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தக் காலத்தில் நீ மிகவும் கஷ்டப்பட்டிருப்பாய் பிள்ளை என்று நான் வாயைக் கொடுத்தேன். எனக்குக் கேட்காமல் இருக்கமுடியாது, தெரியும்தானே.

"இல்லைப் பெரியப்பா. எனக்கு அந்த பஸ் காலம்தான் விருப்பம்" என்று தன் உடைந்த தமிழில் தொடங்கி, பிறகு டேனிஷுக்கு மாறினாள். டாக்சியில் வரும்போது அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருக்குமாம். ஓட்டம் ஒன்று வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்விடுவாராம். பஸ்ஸில் வந்த காலத்தில் திரும்பும் பஸ் பின்னேரம்தான். அதுவரை அவருக்குப் போக இடமில்லை. வேறு வழியில்லாமல் தன்னோடு இருந்தார், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பிழையாகச் சொல்லிக் கொடுத்தார், சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கினார் என்றாள். "அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றாள். அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு இப்படி ஒரு விளைவு வரும் என்று தெரிந்திருக்காது.

இதை எல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன்? நீ அன்ரன் மாதிரி இல்லை. மாதம் பிறந்ததும் உன் காசு போய்விடுகிறது. நோவாவின் தாயே எங்களிடம் சொல்லியிருக்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை என்று. எனக்கு அதில் பெருமைதான், மனதாரச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைகளுக்கு நீ ஒழுங்காகக் கொடுத்துவிட்டாய். ஆனால் கோடை லீவுக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. வேலை, ரயில், அவளோடு முகம் கொடுக்க மனமில்லை, எல்லாம் விளங்குகிறது. நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். காசு கொடுக்காத தகப்பனைப் பிடிக்க இந்த அரசாங்கத்துக்கு எத்தனை வழி இருக்கிறது: சம்பளத்தில் பிடிக்கும், லைசென்ஸைப் பிடிக்கும். காசை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு வராமல் இருக்கிற தகப்பனை எதைப் பிடித்து இழுப்பது? உன் மருந்துக்கடை வேலையை ஒருவரும் தொடமுடியாது. உனக்கு ஒரு கடிதமும் வராது. நீ சட்டப்படி முழுச் சுத்தம். எனக்கு உன்னைப் பற்றி இருக்கிற பயமே அதுதான் மகனே.

நோவாவும் தாயும் புது வீட்டுக்கு மாறியது உனக்குத் தெரியும், முகவரியை அம்மா அனுப்பியிருந்தாள். நேற்று அவனைப் பாலர் பாடசாலையில் இருந்து கூட்டிக்கொண்டு அங்கே போனேன். படியில் ஏறும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "அப்பப்பா, அப்பாவுக்கு இந்த வீடு எங்க எண்டு தெரியுமோ?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அப்படியென்றால் ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. மேலே ஏறத் தொடங்கிவிட்டான். அவன் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை காலமை அப்பா வருவார் என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அப்பா